பழைய ராஜ்தூத் வாங்கப் போறீங்களா? இன்ஜினைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



போன மாசம் மதிய சாப்பாட்டு நேரத்துல, எங்க ஆபீஸ்ல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் போனை என் பக்கம் நீட்டினார். ஸ்கிரீன்ல ஒரு ராஜ்தூத் 175. டேங்க் துரு பிடிச்சிருக்கு, சீட் கிழிஞ்சிருக்கு, ஆனா பார்க்க அழகாத்தான் இருக்கு. "அண்ணா, 20,000 சொல்றாங்க. பேசினா 17-க்கு முடிச்சிடலாம். மூணு மாசத்துல ரெடி பண்ணி ஓட்டிடலாம்ல?"

அவருக்கு வயசு 26. கைக்கு வர்ற சம்பளம் 46,000. லோன் ஆப்ல 60,000 வரைக்கும் உடனே தர்றோம்னு மெசேஜ் வேற வந்திருக்கு.

"வாங்காதே"ன்னு சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஏன்னா என் வீட்டு ஷெட்ல ஒரு ராஜ்தூத் நிக்குது. அதுக்கு முன்னாடி இன்னொண்ணு நின்னுச்சு. அந்த முதல் வண்டியில எனக்கு 38,000 ரூபாய் போச்சு. இன்னைக்கு ரெண்டு வண்டியோட கணக்கையும் திறந்து வைக்கிறேன். ராஜ்தூத்துக்குச் சொல்றது எஸ்டி, பழைய புல்லட், லாம்ப்ரெட்டா எல்லாத்துக்கும் பொருந்தும்.

முதல்ல, இது என்ன வண்டி?

90-களுக்குப் பிறகு பிறந்தவங்களுக்காக ரெண்டு வரி. ராஜ்தூத் 175-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1960-களில் இருந்து தயாரிச்சது. டிசைன் போலந்து நாட்டோடது; எஸ்ஹெச்எல் எம்11 என்ற வண்டிதான் இதுக்கு மூலம். 173 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், மூணே கியர், கிக்கர் மட்டும்தான். பெட்ரோலோட ஆயிலைக் கலந்து ஊத்தணும்.

பவர்? சுமார் 9 குதிரைத்திறன். இன்னைக்கு ஓடுற ஸ்ப்ளெண்டர் 97 சிசி இன்ஜின்ல சுமார் 8 எடுக்குது. அதாவது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பெரிய இன்ஜின், ஆனா இழுவை ஏறக்குறைய அதே அளவு. வண்டியும் கனம். 50-ல போனா நிம்மதி. 60-க்கு மேல போனா கை, கால், கண்ணாடி எல்லாம் ஆடும்.

ஒரு எச்சரிக்கை: ராஜ்தூத் 350 வேற வண்டி. அது 1980-களில் யமஹா கூட்டுல வந்த ரேஸ் ரகம். அதோட விலையைப் பார்த்துட்டு 175-க்கும் அதே மதிப்புன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

வேகமில்லாத வண்டிதான் கத்துக்க நல்லது

கேட்க விசித்திரமா இருக்கும். ஆனா பணக் கணக்குல பார்த்தா இதுக்கு மூணு காரணம் இருக்கு.

ஒண்ணு, கூட்டம் கம்மி. ஆர்எக்ஸ் 100, ராஜ்தூத் 350 மாதிரி வண்டிகளுக்கு ரசிகர் கூட்டம் பெருசு. அந்த மோகத்துக்கும் சேர்த்து நீங்க விலை கொடுக்கணும். மெதுவா போற வண்டிக்கு அந்தக் கூடுதல் விலை குறைவு. தப்பு பண்ணினாலும் சின்னத் தப்பா போகும்.

ரெண்டு, இன்ஜின் எளிமை. டூ-ஸ்ட்ரோக்ல வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது. பிஸ்டன், கான்-ராட், கிராங்க், இவ்வளவுதான் முக்கியமா ஓடுற பாகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா பாதி புரிஞ்சிடும். புரிஞ்ச இடத்துல நம்மளை ஏமாத்துறது கஷ்டம்.

மூணு, இதை வச்சு தினமும் ஆபீஸ் போக முடியாதுன்னு முதல் நாளே தெரிஞ்சிடும். பழைய டிரம் பிரேக், மங்கலான லைட். சென்னை டிராஃபிக்ல இது சரிப்படாது. அதனால இருக்கிற வண்டியை வித்துட்டு இதை வாங்குற விபரீத யோசனை வராது. வரக் கூடாது.

அசெட்டா, செலவா?

"அண்ணா, விண்டேஜ் வண்டி விலை ஏறிட்டேதானே போகுது? இது ஒரு முதலீடுதானே?" தம்பி கேட்ட ரெண்டாவது கேள்வி இது.

வித்த விலையை மட்டும் சொல்றவங்க நிறைய பேர். உள்ளே போட்ட மொத்தப் பணத்தைச் சொல்றவங்க ரொம்பக் குறைவு. என் ரெண்டாவது வண்டியை 24,000-க்கு வாங்கினேன். போன மாசம் ஒருத்தர் 55,000-க்குக் கேட்டார். ரெண்டு எண்ணை மட்டும் பார்த்தா இரட்டிப்புக்கு மேல. நடுவுல இருக்கிற எண்ணைப் பார்த்தாதான் உண்மை தெரியும். அதுக்குக் கீழே வர்றேன்.

என் தீர்ப்பு இதுதான்: உங்க மாச பட்ஜெட்ல இதை எஸ்ஐபி பக்கத்துல எழுதாதீங்க. ஊட்டி டூர், ஜிம், கேமரா இருக்கிற வரிசையில எழுதுங்க. திரும்பி வராத பணம்னு ஒத்துக்கிட்டுப் போட்டா அது நல்ல ஹாபி. திரும்ப வரும்னு நம்பிப் போட்டா அது மோசமான முதலீடு.

முதல் வண்டி: 38,000 ரூபாய் பாடம்

2017. சிஏ முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசு. சம்பளம் 32,000. எங்க அப்பா 80-களில் திண்டுக்கல் பக்கம் ராஜ்தூத் ஓட்டினவர். அந்த வண்டியில முன்னாடி டேங்க் மேல உட்கார்ந்து போன ஞாபகம் எனக்கு இருக்கு. ஊருக்குப் போனப்ப ஒரு கிராமத்துல மாட்டுக் கொட்டகையில ஒண்ணு நின்னுச்சு. 18,000 சொன்னார். பேரம்கூடப் பேசல, கொடுத்துட்டேன்.

ஆர்சி புக் அவரோட தாத்தா பேர்ல இருந்துச்சு. தாத்தா 2009-லயே இறந்துட்டார். "அதெல்லாம் ரெண்டு வாரத்துல கையெழுத்து வாங்கித் தர்றேன் தம்பி"ன்னார். மத்தவங்க கம்பெனியில ஒரு ரசீது குறைஞ்சாலே நாலு கேள்வி கேட்கிற நான், அன்னைக்குத் தலையாட்டிட்டு வந்தேன்.

அடுத்த ஆறு மாசத்துல இன்ஜின் வேலை, பெயிண்ட்டுன்னு 31,000 போட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. பேர் மாத்தப் போனப்பதான் கதை ஆரம்பம். ஓனர் இறந்துட்டா வாரிசுச் சான்றிதழ் வேணும், மத்த வாரிசுகளோட சம்மதக் கையெழுத்து வேணும். நாலு வாரிசு. மூணு பேர் போட்டுட்டாங்க. நாலாவது ஒரு அம்மா. அவங்களுக்கும் அண்ணன்களுக்கும் நிலத்துல தகராறு. எந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டாலும் நிலத்துல பங்கு போயிடும்னு அவங்களுக்குப் பயம். அவங்க பக்கம் நியாயம் இருக்கு. பைக் பேப்பர்னு நான் சொன்னா அவங்க ஏன் நம்பணும்?

ஒன்றரை வருஷம் வண்டி மூலையில நின்னுச்சு. கடைசியில அந்த வீட்டுக்காரரே வண்டியைத் திருப்பி எடுத்துக்கிட்டு 11,000 கொடுத்தார். 18,000 + 31,000 – 11,000. மிச்சம் 38,000 நஷ்டம்.

வலிச்சது அந்த எண் மட்டும் இல்ல. பணம் வண்டியில முடங்கிக் கிடந்த நேரத்துல அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். இன்சூரன்ஸ் போக கையில இருந்து 27,000 கட்டணும். என் சேவிங்ஸ்ல இருந்தது 9,000. மீதி 18,000 கிரெடிட் கார்டு. அஞ்சு மாசமா அடைச்சேன். மாசம் 3.5% வட்டி, அதுக்கு மேல ஜிஎஸ்டி, சேர்த்து ரெண்டாயிரத்துக்கு மேல வட்டியாவே போச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு கார்டு லிமிட்டை செக் பண்ணினேன். அன்னைக்கு ஷெட்ல பளபளன்னு பெயிண்ட் அடிச்ச ஒரு வண்டி எனக்குச் சொந்தமா இருந்துச்சு. அதை வித்து ஆயிரம் ரூபாய்கூட எடுக்க முடியல, ஏன்னா அது என் பேர்லயே இல்ல.

பேப்பர் செக்லிஸ்ட்: டோக்கன் அட்வான்ஸ்கூட இதுக்கு அப்புறம்தான்

1. ஆர்சியில இருக்கிற ஓனரே விக்கிறாரா? அவரே நேர்ல வந்து படிவம் 29, 30-ல கையெழுத்துப் போட்டா வேலை சுலபம். இறந்துட்டார்னா படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். அந்தக் குடும்பத்தையே முதல்ல அவங்க பேருக்கு மாத்தச் சொல்லுங்க. மாத்தின பிறகு வாங்குங்க.

2. ஆர்சி எந்தத் தேதி வரைக்கும் செல்லும்? சொந்த உபயோக வண்டிக்கு முதல்ல 15 வருஷம், பிறகு அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு 20 வயசு தாண்டிய பைக்குக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். தேதி தாண்டியிருந்தா மத்திய விதிப்படி பைக்குக்கு மாசம் 300 ரூபாய் தாமதக் கட்டணம். இது போக பசுமை வரி. மொத்தம் எவ்வளவு வரும்னு ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டு, அதை வண்டி விலையில கழிச்சுப் பேசுங்க.

3. வண்டி ஆன்லைன்ல தெரியுதா? பழைய புக் வடிவ ஆர்சி பலதும் கம்ப்யூட்டர்ல ஏறியிருக்காது. பரிவாஹன்ல நம்பரைப் போட்டுப் பாருங்க. வரலைன்னா ஆர்டிஓ-ல பழைய பதிவேட்டைப் பார்த்து ஏத்தணும். இந்த வேலை முடியாம பேர் மாத்தம் நகராது.

4. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர். காகிதத்தை மேல வச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்துக்கோங்க. ஆர்சியோட ஒரு எழுத்து மாறினாலும் நடையைக் கட்டுங்க. இன்ஜின் மாத்தின வண்டி நிறைய இருக்கு. திருட்டு வண்டியும் இருக்கு.

5. பழைய கடன் ஏதாவது பதிவாகி இருக்கா? 1985-ல வாங்கின லோன் அடைச்சிருப்பாங்க, ஆனா ஆர்சியில பேங்க் பேர் அப்படியே இருக்கும். அதை நீக்க பேங்க் கடிதமும் படிவம் 35-ம் வேணும். அந்த பேங்க் இன்னொரு பேங்க்கோட இணைஞ்சிருந்தா அலைச்சல் இன்னும் அதிகம்.

6. வேற ஸ்டேட் வண்டியா? என்ஓசி, அதாவது படிவம் 28, இல்லாம வாங்காதீங்க.

பேர் மாத்தாம ஓட்டினா விக்கிறவருக்கும் ஆபத்து. 2018-ல உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல தெளிவா சொல்லிடுச்சு: பதிவேட்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர், விபத்து நஷ்டஈடு அவர் தலையில விழும். இதை விக்கிறவர்கிட்ட நிதானமா எடுத்துச் சொல்லுங்க. அதுக்கு அப்புறம் கையெழுத்து தானா வேகமா வரும்.

"இது விண்டேஜ் சார், பேப்பரே தேவையில்ல"ன்னு யாராவது சொன்னா சிரிச்சிட்டு வந்துடுங்க. 2021 விதிப்படி விண்டேஜ்னா முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டி, ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும். புதுசா பதிவு பண்ண 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். அப்படிப் பதிஞ்ச வண்டியைக் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுறது, ரிப்பேர் மாதிரி காரணத்துக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். தினசரி உபயோகத்துக்கு அனுமதி கிடையாது.

ரெண்டாவது வண்டி: முழுக் கணக்கு

அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி ஆசை வந்துச்சு. இந்த முறை வண்டி தேடுறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்கினேன். வண்டிக்கு 24,000, வேலைக்கு 36,000, மொத்தம் 60,000-னு முதல் பக்கத்துல எழுதினேன். பழைய வண்டியில திறந்து பார்த்தாதான் வியாதி தெரியும். அதனால மேல பாதி சேர்த்து, 90,000-னு எழுதிக் கோடு போட்டேன். அந்தக் கோட்டைத் தாண்டினா அடுத்த நாள் வேலையை நிறுத்திடணும். வீட்டுக்காரம்மா கையெழுத்துச் சாட்சி.

2022 ஜூலையில இருந்து மாசம் 5,000 ஆர்டி. டிசம்பர் முடிவுல 30,000. 2023 ஜனவரியில 1988 மாடல் ஒண்ணு கிடைச்சது. ஓனர் உயிரோட இருக்கிறார், ஆர்சி உயிரோட இருக்கு. அதுக்குப் பிறகும் அதே 5,000 மாசாமாசம். அந்த மாசம் சேர்ந்த காசுக்கு மட்டும்தான் வேலை.

மொத்தக் கணக்கு இதோ:

- வண்டி விலை: 24,000
- பேர் மாத்தம், ஆர்சி புதுப்பிப்பு, பசுமை வரி, இன்சூரன்ஸ்: 6,350
- ரீபோர், பிஸ்டன் செட், கான்-ராட், பேரிங், ஆயில் சீல்: 13,800
- கார்புரேட்டர், பாயிண்ட், காயில், வயரிங்: 5,400
- டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள், செயின் செட்: 8,900
- டேங்க் சுத்தம், டிங்கரிங், பெயிண்ட்: 9,500
- நிக்கல் போட்டது: 4,200
- சீட், ரப்பர், சில்லறைச் சாமான்: 3,150
- மெக்கானிக் கூலி: 11,000
- புதுப்பேட்டைக்கு அலைஞ்ச பஸ், டீ, டிபன்: 2,700

மொத்தம்: 89,000 ரூபாய்.

வாங்கின விலையைப் போல 3.7 மடங்கு. இந்த ஒரு எண்ணை மனசுல வச்சுக்கோங்க. விக்கிறவர் சொல்ற விலை வெறும் நுழைவுக் கட்டணம். உள்ளே போனதுக்கு அப்புறம்தான் நிஜச் செலவு.

கோட்டுக்குள்ள நின்னதுக்குக் காரணம் ரெண்டு விஷயத்தை விட்டுக்கொடுத்தேன். சைலன்சருக்கும் கிராஷ் கார்டுக்கும் நிக்கல் போடல. பளபளப்பு கம்மிதான். பார்க்கிறவங்க கேட்பாங்க. "பட்ஜெட் முடிஞ்சிடுச்சு"ன்னு சொல்லிடுவேன்.

55,000-க்குக் கேட்டார்னு சொன்னேன்ல? அன்னைக்கே கொடுத்திருந்தா 34,000 நஷ்டம். 24,000-ம் 55,000-ம் மட்டும் பார்த்திருந்தா 31,000 லாபம்னு நினைச்சிருப்பேன்.

ஓட்டுற செலவு

வருஷத்துக்கு 40 ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொண்ணுலயும் 40 கிலோமீட்டர். மொத்தம் 1,600 கிலோமீட்டர். எனக்கு லிட்டருக்கு 30 கொடுக்குது. அப்போ 53 லிட்டர் பெட்ரோல், சுமார் 5,400 ரூபாய். லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில், வருஷத்துக்கு ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல, சுமார் 800. சின்னச் சின்ன ரிப்பேர் 6,000.

இன்சூரன்ஸ்ல ஒரு வேடிக்கை இருக்கு. தேர்டு பார்ட்டி பிரீமியம் பவரைப் பார்க்காது, சிசியைத்தான் பார்க்கும். 2022 ஜூன் கட்டணப்படி 75-லிருந்து 150 சிசி வரை 714 ரூபாய். 150-க்கு மேல 350 வரை 1,366 ரூபாய். ஸ்ப்ளெண்டர் அளவுக்கு இழுக்கிற ராஜ்தூத், 173 சிசிங்கிறதால புல்லட் 350 கட்டுற அதே தொகையைக் கட்டுது. ஜிஎஸ்டி சேர்த்தா 1,612. தனிநபர் விபத்துக் காப்பும் சேர்த்து 2,000-னு வைங்க.

ஆக வருஷத்துக்கு 14,200. மாசம் ஏறக்குறைய 1,200. இது வண்டி இருக்கிற வரைக்கும் உண்டு. பட்ஜெட்ல இடம் இருக்கான்னு இப்பவே பாருங்க.

பணம் எங்கிருந்து வரணும்?

தம்பியோட லோனுக்கு வருவோம். 60,000, வட்டி 14%, 24 மாசம்னு வைங்க. இஎம்ஐ சுமார் 2,881. மொத்தம் கட்டுறது 69,140 சொச்சம். வட்டி மட்டும் 9,140. பிராசஸிங் கட்டணம் 2%-னா ஜிஎஸ்டியோட இன்னொரு 1,416. ஆக 10,500-க்கு மேல சும்மா போகுது. என் கணக்குல டயர், செயின், பிரேக் எல்லாம் சேர்ந்தே 8,900-தான்.

வட்டியை விடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. லோன் பணம் மொத்தமா ஒரே நாள்ல அக்கவுண்ட்டுக்கு வரும். கையில காசு இருந்தா முதல்ல கண்ணுக்குத் தெரியுற வேலையைத்தான் செய்வோம்: பெயிண்ட், நிக்கல், சீட். கிராங்க் கேஸைத் திறக்கிற நேரத்துல பணம் தீர்ந்திருக்கும். மாசம் 5,000 மட்டும் வந்தா மெக்கானிக் அண்ணனே "இந்த மாசம் எது அவசியமோ அதை மட்டும் பார்ப்போம் தம்பி"ன்னு சொல்லுவார். ஒரு பாகத்துக்கு மூணு கடையில விலை கேட்கவும் நேரம் கிடைக்கும்.

என் வரிசை இது:

- முதல்ல, குறைஞ்சது மூணு மாசச் செலவு அளவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட். முடிஞ்சா ஆறு மாசம்.
- அடுத்தது, அப்பா அம்மாவையும் சேர்த்து மெடிக்கல் இன்சூரன்ஸ். ஆபீஸ் பாலிசியில அவங்க இருக்காங்களான்னு இன்னைக்கே பாருங்க.
- கிரெடிட் கார்டு பாக்கி பூஜ்யம்.
- எஸ்ஐபி நிக்காம ஓடணும். ஹாபிக்காக அதைக் குறைக்கக் கூடாது.
- இதெல்லாம் போக மிஞ்சுறதுல பாதிக்கு மேல ஹாபிக்கு வேண்டாம்.

எப்போ நிறுத்தணும்?

"இவ்வளவு போட்டாச்சு, இன்னும் பத்தாயிரம் போட்டா முடிஞ்சிடும்." இந்த வாக்கியத்தை நான் முதல் வண்டியில நாலு தடவை சொல்லியிருக்கேன். ஏற்கெனவே போட்ட பணம் போனது போனதுதான். அதைக் காப்பாத்துறதுக்காகப் புதுப் பணத்தை அனுப்பாதீங்க. ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி: "இன்னைக்கு இந்த நிலையில இந்த வண்டியை முதல் முறையா பார்த்தா, இந்தப் பத்தாயிரத்தைப் போடுவேனா?" பதில் இல்லைன்னா நிறுத்திடுங்க.

வாங்குறப்பவும் ஒரு விதி. இன்ஜின் ஓடலைன்னா பயப்படாதீங்க, அது வேலை. டேங்க், ஹெட்லைட் கூடு, சைடு பாக்ஸ் மாதிரி பாகம் இல்லைன்னா பயப்படுங்க, அது தேடல். வேலைக்குக் கூலி எவ்வளவுன்னு ஓரளவு சொல்லிடலாம். தேடலுக்கு எல்லை கிடையாது.

இன்னொரு சின்ன விஷயம். இப்போ பங்க்ல வர்றது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் டியூப், வாஷர் எல்லாம் அதுக்காகச் செஞ்சது கிடையாது. மாத்திடுங்க. வாரக்கணக்குல ஓட்ட மாட்டோம்னு தெரிஞ்சா டேங்கையும் கார்புரேட்டரையும் வடிச்சிடுங்க. 50 ரூபாய் பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் போய் கார்புரேட்டர் வேலைக்குப் பல நூறு போகும்.

வித்தா வரி உண்டா?

சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த பைக், வருமான வரிச் சட்டப்படி தனிப்பட்ட உடைமை. மூலதனச் சொத்துக் கணக்குல வராது. அதனால லாபத்துக்கு வித்தாலும் மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனா நஷ்டத்துக்கு வித்தா அந்த நஷ்டத்தை உங்க ஷேர் லாபத்துல கழிக்கவும் முடியாது. வாங்கி, ரெடி பண்ணி, விக்கிறதையே தொடர்ந்து செஞ்சா அது வியாபாரம். லாபம் வியாபார வருமானம் ஆயிடும். பணம் வாங்குறதும் கொடுக்கிறதும் பேங்க் வழியாவே இருக்கட்டும். நாளைக்கு யாராவது கேட்டா உங்ககிட்ட தேதியோட சாட்சி இருக்கும்.

தம்பி என்ன பண்ணினார்?

அவர் செலவு மாசம் 31,000. மிச்சம் 15,000. எமர்ஜென்சி ஃபண்ட்ல இருக்கிறது 40,000. மூணு மாசச் செலவுன்னா 93,000 வேணும். இன்னும் 53,000 பாக்கி. மாசம் 12,000 ஒதுக்கினா அஞ்சு மாசத்துக்குள்ள முடிஞ்சிடும். அதுக்கு அப்புறம் மாசம் 5,000 ராஜ்தூத் ஆர்டி.

"அதுக்குள்ள இந்த வண்டி போயிடுமேண்ணா?"

"போனா இன்னொண்ணு வரும். முதல்ல ஆர்சியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு."

சாயங்காலமே போட்டோ வந்துச்சு. ஆர்சி மூணாவது ஒருத்தர் பேர்ல. செல்லுபடி 2021-லயே முடிஞ்சிருக்கு. தம்பியே கால்குலேட்டரை எடுத்தார். நாலு வருஷம்னா 48 மாசம், மாசம் 300, 14,400. புதுப்பிப்பு 2,000. "17,000 வண்டி, கிக்கரை உதைக்கிறதுக்கு முன்னாடியே 33,400 ஆயிடுச்சேண்ணா!" நான் வேற எதுவும் சொல்லல. இப்போ அவர் ஆர்டி ஆரம்பிச்சுட்டார். வண்டி படம் பார்க்கிறதை நிறுத்தல, ஆனா ஒவ்வொண்ணுக்கும் முதல்ல ஆர்சி கேட்கிறார்.

2024 பொங்கலுக்கு என் வண்டி ரோட்டுக்கு வந்துச்சு. ஊருக்குக் கொண்டு போய் அப்பாகிட்ட சாவியைக் கொடுத்தேன். 70 வயசு தாண்டினவர், ரெண்டாவது உதையில ஸ்டார்ட் பண்ணிட்டார். தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிறுத்தினார். "இது அப்பவே இழுக்காதுடா. சிறுமலை ஏத்தத்துல உங்க அம்மாவை இறக்கி நடக்க விட்டுட்டுத்தான் நான் ஏறுவேன்"ன்னார். அம்மா உள்ளே இருந்து, "அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்துறீங்க?"ன்னாங்க.

34,000 நஷ்டம்னு நோட்டுல எழுதியிருக்கேன். அந்த நோட்டை மூடி வைக்கிறப்ப எனக்கு வருத்தம் இல்ல. முன்னாடியே இவ்வளவு போகும்னு ஒத்துக்கிட்ட பணம் அது. முதல் வண்டியோட 38,000 இன்னும் உறுத்துது, ஏன்னா அதை நான் ஒத்துக்கிட்டுக் கொடுக்கல.

இந்த வாரம் உங்களுக்கு வீட்டுப்பாடம். வண்டி படத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல மூணு எண் எழுதுங்க: உங்க மூணு மாசச் செலவு, மாசம் ஹாபிக்கு ஒதுக்க முடிஞ்ச தொகை, எந்தத் தொகையில நிறுத்துவீங்க. மூணும் எழுதி, வீட்டுல ஒருத்தர்கிட்ட காட்டிட்டு, அதுக்கு அப்புறம் வண்டி தேடுங்க. ஆர்சி படிக்கிறது எப்படின்னு படிவங்களோட தனி வீடியோ போடுறேன்.

ஹெல்மெட் மறக்காதீங்க. மெதுவான வண்டிதானேன்னு அதுல மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். அடுத்த பதிவுல சந்திப்போம்.